காற்பள்ளம், கண்ணாடிப்பீலி, வேர்வைக்குழாய்: காருக்குள் வரும் தண்ணீருக்கான சொற்கள்

குழும உறவுகளுக்கு வணக்கம்.

வாகனக் கலைச்சொல் பட்டியலில் போன கிழமை சேர்ந்த இரண்டு சொற்களைப் பற்றி எழுதுகிறேன். முன்சீட்டில் இருப்பவர் கால் வைக்கும் இடத்துக்கு "கால்கிணறு" என்று போட்டிருக்கிறோம். அங்கே தண்ணீர் சேரும் பழுதுக்கு "நீர்க்கசிவு" என்று போட்டிருக்கிறோம். இரண்டையும் மாற்ற வேண்டும்; கால்கிணற்றுக்குப் பதிலாக நான் தருவது "காற்பள்ளம்". முதலாவது வெறும் அழகுப் பிரச்சினை. இரண்டாவதை அப்படியே விட்டால் ஆட்களுக்குக் காசு நட்டமாகும். எனக்கு ஆனது.

நான் இருப்பது திருகோணமலை, உவர்மலைப் பக்கம். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார். ஓகஸ்ட் மாதம், கச்சான் காற்று அடிக்கிற நேரம், வானத்தில் ஒரு துளி மழை இல்லை. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு காலை வைத்தவர், "இஞ்ச ஈரமா இருக்கு" என்றார். கையால் அமத்திப் பார்த்தேன். கார்பெட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்பொஞ்ச் தண்ணீரைக் குடித்து ஊதியிருந்தது. ஒரு திருத்தகத்துக்குக் கொண்டுபோய் "தண்ணி லீக்" என்றேன். லீக் என்றதும் அவர்கள் ஓட்டை தேடினார்கள். முன்கண்ணாடியின் ஓரம்தான் காரணம் என்று முடிவெடுத்து, கண்ணாடியைக் கழற்றி, புதுப் பசை வைத்து ஒட்டித் தந்தார்கள். மழையே இல்லாத மாதத்தில் கண்ணாடி ஓரத்தால் எப்படித் தண்ணீர் வரும் என்று அவர்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. 4 நாளில் மறுபடியும் ஈரம்.

இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் கார்பெட்டைத் தொடவே இல்லை. ஏசியைப் போட்டு 15 நிமிடம் ஓடவிட்டு, காருக்கு அடியில் குனிந்து நிலத்தைப் பார்த்தார். நிலம் காய்ந்து கிடந்தது. "பாருங்க அண்ணே, கீழ ஒரு சொட்டு இல்ல. இந்த வெக்கைக்கு இந்நேரம் குளமா நிக்கோணும்" என்றார். பிறகு மட்டையை விரித்துப் படுத்து, இயந்திர அறைச் சுவரில் முழங்கை போல வளைந்து நின்ற ஒரு ரப்பர் குழாயைக் கழற்றினார். கூரான கம்பி எதுவும் எடுக்கவில்லை. உள்ளே குத்தினால் ஏசிச் சுருள் ஓட்டையாகும் என்றார். மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை விட்டு ஆட்டினார். முதலில் சாம்பல் நிறத்தில் களி மாதிரி ஒரு கட்டி விழுந்தது. பின்னால் ஒரு போத்தல் அளவுக்குத் தெளிந்த தண்ணீர் கொட்டியது. "இது மழைத்தண்ணி இல்ல, ஏசி வேர்த்த தண்ணி. வெளியால போக வழியில்லாம உள்ளுக்கு வந்திருக்கு."

அவர் சொன்ன "வேர்த்த தண்ணி"யைத்தான் நான் பட்டியலுக்கு எடுத்துவர விரும்புகிறேன். குளிர்ச் சுருளில் ஈரக்காற்று பட்டால் நீராகும், அது அடித்தட்டில் சேர்ந்து குழாயால் நிலத்தில் சொட்ட வேண்டும். இலங்கைப் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒடுங்கல் என்று சொல் இருக்கிறது, அதன்படி "ஒடுங்குநீர் வடிகுழாய்" என்று எழுதலாம். பிழை இல்லை. ஆனால் குளிர்ந்த சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் வேர்க்கிறது என்றுதான் எல்லாரும் சொல்கிறோம், கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும். "வேர்வைக்குழாய்" என்றால் விளக்கமே தேவையில்லை. பாடத்துக்கு ஒடுங்குநீர், திருத்தகத்துக்கு வேர்வைக்குழாய் என்று இரண்டையும் பதியலாம். ஒன்றைத்தான் வைக்க வேண்டும் என்றால் என் வாக்கு வேர்வைக்குழாய்க்கு.

சரி, அது ஓகஸ்ட். கார்த்திகையில் மாரி தொடங்கி மூன்றாம் நாள் அதே இடத்தில் மறுபடியும் ஈரம். இந்த முறை ஏசி போடாமலே. பொனெட்டைத் திறந்து, வைப்பர் அடிவாரத்தில் இருக்கிற கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினோம். வீட்டில் காரை வேப்பமரத்தின் கீழ்தான் விடுவேன். சருகும் காம்பும் பூவும் மண்ணோடு சேர்ந்து இரண்டு விரல் தடிப்பில் உரமாகக் கிடந்தன. அதற்கு மேலே தண்ணீர் நின்றது. முன்கண்ணாடியில் வழியும் மழை முழுக்க அந்தத் தொட்டியில்தான் விழும். இரண்டு பக்கமும் உள்ள துளைகளால் சக்கரத்துக்குப் பின்னால் இறங்கிப்போகும். துளை அடைபட்டால் மட்டம் ஏறும், ஏறினால் காற்று உள்ளே எடுக்கும் வாயால் நேரே முன்சீட்டுக்காரரின் காலடிக்கு.

அந்தத் தொட்டிக்குக் கோவை நண்பர் எழுதியிருந்தது:

> முன்கண்ணாடி அடித்தகடு என்று வைக்கலாமே?

தகடு என்றால் தட்டையான பொருள். அதன் வேலை அந்தச் சொல்லில் இல்லை. எங்கள் பக்கம் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீரை ஏந்திக்கொண்டு போவதைப் பீலி என்கிறோம். மலையகத்தில் தண்ணீர் பிடிக்கப் போகிற இடமும் பீலிதான். ஆகவே "கண்ணாடிப்பீலி". பீலியில் சருகு அடையும், மாரிக்கு முன் ஏறித் துப்புரவாக்க வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காரிலும் அதே வேலை, அதே மாதம். தமிழ்நாட்டு உறவுகளுக்குப் பீலி என்றால் மயிற்பீலி நினைவுக்கு வரும் என்பதை அறிவேன். கண்ணாடி என்ற சொல்லோடு சேரும்போது அந்த மயக்கம் வராது என்று நம்புகிறேன். வந்தால் "கண்ணாடி வாய்க்கால்" என்று ஒரு மாற்றுப் பதிவு போடலாம்.

இப்போது "நீர்க்கசிவு"க்கு வருகிறேன். என் காரில் இரண்டு தடவையும் எதுவும் உடையவில்லை, எதுவும் கிழியவில்லை. வடிய வேண்டிய வழி அடைபட்டு, தண்ணீர் நிரம்பி வழிந்தது. கசிவு என்ற சொல்லைக் கேட்டதும் கை பசையைத் தேடுகிறது, நாங்கள் செய்ய வேண்டியிருந்ததோ அடைப்பை எடுப்பது. அதனால் தலைச்சொல்லாக "காற்பள்ள ஈரம்" என்று மட்டும் வைப்போம். அது கண்ணில் தெரிவதை மட்டும் சொல்கிறது, காரணத்தை முன்கூட்டியே முடிவுசெய்யவில்லை. அதன் கீழே "வழிவு", வடிகால் அடைப்பால் வருவது. "ஒழுக்கு", ரப்பர் ஓரமோ பசையோ விட்டுப்போய் வருவது. வீட்டுக்கூரை ஒழுகுது என்று சொல்வதும் இதைத்தான். மூன்றாவதாக கூலன்ட் ஒழுக்கு, அதாவது இயந்திரத்தைக் குளிர்விக்கும் திரவம் ஒழுகுவது. பிசுபிசுப்பும் இனித்த மணமும் இருந்தால் அது ஹீட்டரிலிருந்து வருகிறது. ஹீட்டரை ஒருநாளும் போடாவிட்டாலும் பல கார்களில் அதற்குள் கூலன்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கால்கிணற்றுக்கு அதிகம் சொல்ல இல்லை. ஆங்கிலச் சொல்லில் (footwell) வெல் என்று இருந்ததால் கிணறு என்று எடுத்துவிட்டோம். அந்தச் சொல்லில் வெல் என்பது வெறும் பள்ளம். ஒருவர் "கால்மடு" என்று கேட்டிருந்தார், நல்ல மண்வாசனை உள்ள சொல், ஆனால் மடுவில் தண்ணீர் நிற்பது இயல்பு, காரில் நிற்கக் கூடாது. "காற்பள்ளம்" போதும். கால்பள்ளமா காற்பள்ளமா என்றால், காற்சட்டை என்று எழுதுகிற நாங்கள் காற்பள்ளம் என்றே எழுதலாம். பக்கத்தைக் குறிக்க இடது, வலது வேண்டாம். இங்கேயும் இந்தியாவிலும் பயணி இடப்பக்கம், கனடாவில் இருக்கும் உறவுகளுக்கு வலப்பக்கம். பயணிக் காற்பள்ளம், சாரதிக் காற்பள்ளம் என்றால் எங்கும் பொருந்தும்.

பட்டியலின் விளக்கக் குறிப்பில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: ஈரம் தெரிந்ததும் கார்பெட்டைக் கழற்றி, ஸ்பொஞ்சை வெளியே எடுத்து வெயிலில் போட வேண்டும். மேலே காய்ந்தது போல இருக்கும், அடியில் நாட்கணக்கில் ஈரம் நிற்கும். சீட்டுக்கு அடியில் வயர் இணைப்புகள் இருக்கின்றன. கடற்கரை ஊரில் தரைத்தகடு துருப்பிடிக்க அதிக நாள் எடுக்காது.

இன்னும் ஒரு பொருளுக்குப் பெயர் இல்லை. கதவின் உட்பலகையைக் கழற்றினால் கறுப்புப் பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். கண்ணாடி ஓரத்தால் மழை கதவுக்குள் இறங்குவது வழமைதான், அடியில் உள்ள துளைகளால் போய்விடும். அந்தத் தாள்தான் அதை வெளிப்பக்கமே வைத்திருக்கிறது. ஸ்பீக்கர் மாற்றும்போது அதைக் கிழித்துவிட்டால் அடுத்த மாரியில் காற்பள்ளம் நனையும். மெக்கானிக் "கதவுப் பொலித்தீன்" என்கிறார். நான் "கதவு மழைத்தாள்" என்று எழுதிப் பார்த்தேன், மனம் நிறையவில்லை. உங்களிடம் இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், ஐப்பசிக்கு முன் பட்டியலில் ஏற்றிவிடலாம்.