இது உலோகமா, உலோகப்போலியா? அவசரம்!!

சார்ட்_அம்மா: பையன் சார்ட்ல தனிமங்களை உலோகம், அலோகம், ரெண்டு குணமும் கலந்த உலோகப்போலின்னு பிரிச்சு மூணு கலர் பேப்பர் ஒட்டணும். கடைசித் தனிமம் மட்டும் இடிக்குது. புக்ல ஒரு மாதிரி, கைடுல ஒரு மாதிரி. எதை எடுத்துக்கறது? காலையில குடுக்கணும்.

தனிமவேட்டை: எந்தத் தனிமம்? என்ன வகுப்பு?

படிக்கட்டு: தனிம அட்டவணையில போரான்ல ஆரம்பிச்சு இறங்குற படிக்கட்டுக் கோட்டைப் பாருங்க. அதை ஒட்டி இருந்தா உலோகப்போலி. அவ்ளோதான்.

கந்தகம்77: அலுமினியமும் அதை ஒட்டித்தான் இருக்கு. இட்லிப் பானை உலோகப்போலியா? அடிப்படையைப் படிச்சிட்டு வாங்க. உலோகப்போலிக்கு ஐயூபேக் (வேதியியல் சொற்களை முடிவு பண்ற உலக அமைப்பு) வரையறையே தரல. போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்சனிக், ஆன்டிமனி, டெல்லூரியம், இந்த ஆறையும் அனேகமா எல்லாரும் ஒத்துக்கறாங்க. மிச்சம் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். இதை இங்க எத்தனை தடவை சொல்றது!

ரேடியோ_மாமா: சூடு பண்ணுங்க, தெரிஞ்சிடும். உலோகத்துல மின்தடை ஏறும், உலோகப்போலியில இறங்கும். அந்தக் காலத்து ஏசி 128 டிரான்சிஸ்டர் ஜெர்மானியம். ரேடியோ செட் சூடானா தடை இறங்கி கசிவு கரண்ட் எகிறும்.

கந்தகம்77: ஆன்டிமனியைச் சூடாக்கிப் பாருங்க மாமா. தடை ஏறும். அப்போ அது உலோகமா?

ரேடியோ_மாமா: ஆமா, உலோகம்னே வச்சுக்கலாமே?

கந்தகம்77: சுத்தியலால தட்டினா நொறுங்கும். ஆக்சைடு அமிலத்தோடயும் காரத்தோடயும் வினை புரியும். ஒரே ஒரு சோதனையை வச்சுத் தீர்ப்பு எழுதாதீங்க.

படிக்கட்டு: கிராஃபைட் கரண்ட் கடத்துது, ஆனா அலோகம். அதையும் சொல்லுங்க.

சார்ட்_அம்மா: பொலோனியம்ங்க. புக்ல உலோகப்போலி, கைடுல உலோகம்.

தனிமவேட்டை: வகுப்பு?

கந்தகம்77: கைடு சரி. பொலோனியத்தோட மின்தடை வெப்பம் ஏற ஏற ஏறும். இதுல மாமா சோதனை பலிக்குது. படிக்கட்டுப் பக்கத்துல இருக்குன்னு உலோகப்போலியில சேர்த்த புத்தகங்கள் நிறைய உண்டு.

தனிமவேட்டை: ஆனா திருத்தறவங்க கையில இருக்கறது பாடப்புத்தகம்தானே. புக்படி ஒட்டிட்டு, பக்கத்துல "சிலர் உலோகம் என்பர்"னு சின்னதா எழுதச் சொல்லுங்க.

கந்தகம்77: தப்பைத் தெரிஞ்சே ஒட்டுறதா? பேஷ்.

படிக்கட்டு: மார்க்கு நீங்களா போடப் போறீங்க?

சார்ட்_அம்மா: புக்ல இருக்கற மாதிரியே ஒட்டியாச்சு. நன்றி.

ரேடியோ_மாமா: ஆன்டிமனி விஷயம் இன்னும் முடியல. அது கிடக்கட்டும், ஏசி 127 யார்கிட்டயாவது இருக்கா?