ரன்ஃப்ளாட்டா சாதா டயரா: ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுறவங்க அனுபவம் சொல்லுங்க

கம்பெனில இருந்து வந்த டயர் தேஞ்சு அடுத்த செட் வாங்குற நேரம் வந்தாலே இந்தக் கேள்வி வந்துடுது, அதே ரன்ஃப்ளாட்டையே திரும்பப் போடறதா இல்ல சாதா டயருக்கு மாறிடறதா. நான் ஒரே கார்ல ரெண்டையும் ஓட்டியிருக்கேன், ரெண்டுலயும் காத்து போயி நின்னிருக்கேன். எனக்குத் தோணுறத எழுதுறேன், நீங்களும் உங்களோடத எழுதுங்க.

முதல்லயே சொல்லிடறேன், ஆணி குத்துறத வச்சு இந்த முடிவ எடுக்காதீங்க. ஆணிக்கு வழி நெறைய இருக்கு. சைட்வால், அதாவது டயரோட பக்கச் சுவர், கிழிஞ்சா என்ன பண்ணப்போறோம்னு யோசிச்சு எடுங்க.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா: சாதா டயர்ல காரோட எடைய தாங்குறது உள்ள இருக்கற காத்துதான். காத்து போச்சுன்னா சைட்வால் மடிஞ்சு ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல நசுங்கி கொஞ்ச தூரத்துலயே நார் நாராயிடும். ரன்ஃப்ளாட்ல சைட்வாலோட உள்பக்கம் சூடு தாங்குற ரப்பர தடிமனா வச்சு கட்டியிருப்பாங்க, காத்து சுத்தமா இல்லன்னாலும் அந்த ரப்பரே கார தூக்கி நிறுத்தும். பொதுவா சொல்ற கணக்கு, 80 கிமீ வேகத்த தாண்டாம 80 கிமீ தூரம். சைஸ் எழுதியிருக்கற எடத்துல ஆர்எஃப், இசட்ஆர்எஃப்னு பாக்கலாம், அது போக மிச்செலின்ல இசட்பி, பிரிட்ஜ்ஸ்டோன்ல ஆர்எஃப்டி, கான்டினென்டல்ல எஸ்எஸ்ஆர், குட்இயர்ல ஆர்ஓஎஃப்னு ஒவ்வொருத்தரும் ஒரு பேர் போட்டிருப்பாங்க.

இப்ப நடந்தது. ராத்திரி, தூறல், ஹைவேல தனியா வந்துட்டிருக்கேன், ஏதோ ஒரு இரும்புத் துண்டு மேல பின்சக்கரம் ஏறி டங்குனு சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான். கார் நேராத்தான் போகுது, ஸ்டீயரிங்ல ஒரு மாற்றமும் இல்ல. கொஞ்ச நேரத்துல டேஷ்போர்டுல டயர் பிரஷர் எச்சரிக்கை வந்துச்சு, பாத்தா பின் வலது சக்கரத்துல பிரஷர் மளமளன்னு எறங்கிட்டிருக்கு. அந்த விளக்கு மட்டும் வரலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ரன்ஃப்ளாட் காருக்கெல்லாம் டிபிஎம்எஸ், அதாவது டயர் பிரஷர கண்காணிக்கற சிஸ்டம், கட்டாயம் இருக்கணும்னு சொல்றதுக்குக் காரணமே இதுதான், கண்ணுக்கும் தெரியாது கைக்கும் தெரியாது.

ஓரமா நிறுத்தி போன் லைட்ட அடிச்சுப் பாத்தேன். சைட்வால்ல விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு, ஓரம் ரெண்டும் விரிஞ்சு உள்ள இருக்கற நூல் தெரியுது. டயர் மத்த மூணு மாதிரியேதான் நிக்குது, கீழ கொஞ்சூண்டு பிதுங்கியிருக்கு, வெட்டு மட்டும் இல்லன்னா எதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. இந்த மாதிரி வெட்டுக்கு உள்ள ஊத்தி ஓட்டைய அடைக்கற சீலன்ட் பாட்டிலும் ஒண்ணும் பண்ணாது, ஓட்டைல திணிக்கற ஸ்ட்ரிங் பிளக்கும் ஒண்ணும் பண்ணாது. அறுபதுக்குள்ளயே வேகத்த வச்சுக்கிட்டு, வளைவுல இன்னும் கொறச்சு, மெதுவா வீடு வந்து சேந்தேன்.

மறுநாள் டயர கழட்டினப்போதான் பாத்தேன், உள்ள கைப்பிடி அளவு கரும்பொடி. சைட்வால் மடிஞ்சு மடிஞ்சு நிமிந்ததுல உள்பக்க ரப்பர் அரைபட்டு வளையமா தேஞ்சிருக்கு. வெளிய பாத்தா புதுசு மாதிரி. காத்தில்லாம ஓடின ரன்ஃப்ளாட்ட ரிப்பேர் பண்ணி திரும்பப் போட பல கம்பெனிகள் ஏன் ஒத்துக்கறதில்லைங்கறது அந்தப் பொடிய பாத்ததும் புரிஞ்சுடும். அந்த டயர் தன் வேலைய முடிச்சிருச்சு, அவ்வளவுதான்.

இவ்வளவு சொல்லிட்டு அடுத்த செட் நான் போட்டது சாதா டயர். ஏன்னா அந்தக் காரோட அருமையே அப்பத்தான் தெரிஞ்சுச்சு. ரன்ஃப்ளாட்ல ரோட்டுல இருக்கற ஒவ்வொரு ஒட்டும் சீட்டுல அடிக்கும், மோசமான வளைவுல பின்பக்கம் துள்ளி எறங்கும், அந்தத் துள்ளல்ல கிரிப் விட்டு விட்டுப் பிடிக்கும். சாதா டயருக்கு மாத்தினதும் அதே வளைவுல சக்கரம் ரோட்ட விடாம ஒட்டிக்கிட்டுப் போகுது. வீலோட எடையும் கொறையுது, ஸ்பிரிங்குக்குக் கீழ தொங்குற எடை கொறஞ்சா சஸ்பென்ஷனுக்கு வேலை சுலபம். ஒரு விஷயத்துல மட்டும் ரன்ஃப்ளாட் நல்லா இருந்துச்சு, ஸ்டீயரிங்க திருப்பின அந்த முதல் நொடி, சைட்வால் விறைப்பா இருக்கறதால மூக்கு சடார்னு திரும்பும். சாதா டயர்ல அது ஒரு துளி லேட்டு, பழகினா சரியாயிடும்.

ஆனா எனக்கு இப்ப ராத்திரி தனியா நீண்ட தூரம் போற வேலை இல்ல, அதனாலதான் மாறினேன். அது இருந்திருந்தா மாறியிருக்கவே மாட்டேன்.

—

அண்ணா, நீங்க சொன்னதுல ஒண்ணு கூட சேத்துக்கணும், ரிம். எங்கிட்ட இருந்தது 19 இன்ச் வீல், ரன்ஃப்ளாட். பள்ளத்துல எறங்கினா டயருக்கு ஒண்ணும் ஆகாது, அடி நேரா ரிம்முக்குப் போயிடும். முன் இடது ரிம்முல உள்பக்க ஓரத்துல முடி மாதிரி ஒரு விரிசல், அதுல இருந்து வாராவாரம் காத்து கொறஞ்சுக்கிட்டே இருந்துச்சு, டயர தண்ணில முக்கிப் பாத்தா ஆணியும் இல்ல ஓட்டையும் இல்ல, வால்வும் சரி, கடைசில வீல சுத்த விட்டு சோப்புத் தண்ணி அடிச்சப்போ ரிம்முல இருந்து முத்து முத்தா குமிழ் வருது. வெல்டிங் பண்ணலாம்னாங்க, ஸ்போர்ட்ஸ் கார் போற வேகத்துக்கு வெல்டு பண்ண அலாய நம்ப எனக்கு மனசு வரல, புது ரிம் வாங்கினேன்.

சாதா டயருக்கு மாறினதுக்கு அப்புறம் ரிம்முக்குப் பிரச்சனை இல்ல, ஆனா அதே மாதிரி ஒரு பள்ளத்துல டயர் சைட்வால்ல முட்டை மாதிரி வீக்கம் வந்துச்சு, உள்ள இருக்கற நூல் அறுந்தா அப்படித்தான் புடைக்கும், அத வச்சு ஓட்டக்கூடாது. ஆக அடி ஒண்ணுதான், அத ரிம் வாங்குதா டயர் வாங்குதாங்கறதுதான் வித்தியாசம். சைஸ் ஒத்துவந்தா ஒரு இன்ச் சின்ன வீல் போட்டு சைட்வால் உயரத்த கூட்டறது ரெண்டுக்குமே நல்லது, பிரேக் காலிப்பர் இடிக்காம இருக்கணும், அத மட்டும் அளந்து பாத்துக்கணும்.

—

ரெண்டு பேரும் நல்லா எழுதியிருக்கீங்க. நான் எதிர்க்கட்சி, கடைசி வரைக்கும் ரன்ஃப்ளாட்தான்.

ஸ்டெப்னி வைக்க எடமே இல்லாத கார்ல வேற என்ன பண்றது? 1997ல வந்த சி5 கார்வெட்ல ஸ்டெப்னியே கெடையாது, ரன்ஃப்ளாட்ட நம்பித்தான் அந்தக் கார வடிவமைச்சாங்க. அப்படியே வச்சாலும் எந்தச் சக்கரத்துக்கு வைப்பீங்க? நிஸான் ஜிடி-ஆர் ஆர்35 எடுத்துக்கோங்க, முன்னாடி 255/40, பின்னாடி 285/35 (முதல் நம்பர் மிமீல அகலம்), ரெண்டும் 20 இன்ச். ஒரு ஸ்டெப்னி ரெண்டு பக்கத்துக்கும் பொருந்தாது. பின்பக்கம் வேற விட்டத்துல ஒரு சின்ன சக்கரத்த மாட்டி ஓட்டினா ரெண்டு சக்கரமும் ரொம்ப வேற வேற வேகத்துல சுத்தாம பிடிச்சு வைக்கிற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் நேர் ரோட்டுலயே இடைவிடாம வேலை செஞ்சு சூடாயிடும். கழட்டின அகலமான டயர எங்க வைக்கிறது, ரெண்டு சீட்டர்ல பக்கத்துல ஆள் வேற இருக்காங்க.

ரன்ஃப்ளாட்னா கிரிப் இருக்காதுங்கறது பழைய கதை. இப்ப வர்ற சி8 கார்வெட் இசட்06, ட்ராக்குக்குன்னே பண்ண காரு, அதுவே மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் இசட்பில வருது. ஆனா ஒரு நியாயத்தையும் சொல்லணும், பிஎம்டபிள்யூ தன்னோட மத்த மாடல்கள்ல வருஷக்கணக்கா ரன்ஃப்ளாட் போட்டும் எம்3க்கு மட்டும் சாதா டயர்தான் போட்டாங்க. 2019ல வந்த டொயோட்டா ஜிஆர் சூப்ராவும் சாதா டயர்தான். போர்ஷே 911லயும் கம்ப்ரெஸரும் சீலன்ட்டும்தான் கூட வரும். ஆக இதுல தயாரிப்பாளர்களுக்குள்ளயே ஒரே கருத்து இல்ல.

எனக்கு இது முடிவானது ஒரு மழை நாள்ல. மனைவியும் நானும், மலைப்பாதை, ஒரு பக்கம் பாறை ஒரு பக்கம் தடுப்புச்சுவர், ஓரம்னு ஒண்ணே இல்ல. கொண்டை ஊசி வளைவு தாண்டினதும் பாறைக்கல்லு முன்சக்கரத்த கிழிச்சுருச்சு. பின்னாடி லாரி வருது. அங்க நிறுத்தி எறங்கறதுதான் பஞ்சர விட பெரிய ஆபத்து. நிறுத்தாம மெதுவா எறங்கி சமவெளிக்கு வந்து வெளிச்சமான எடத்துல நிறுத்தினோம். அதுக்கப்புறம் சவாரி கொஞ்சம் கடினமா இருக்குன்னு என் மனைவி ஒரு நாளும் சொன்னதில்ல.

—

ட்ராக்ல ஓட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை. தடிமனான சைட்வால் சூட்ட உள்ளயே வச்சுக்கும், சீக்கிரம் வெளிய விடாது. நாலஞ்சு லேப் அழுத்தி ஓட்டினா பிரஷர் ஏறிக்கிட்டே போகும், முன்பக்கம் வழுக்க ஆரம்பிக்கும். என் அனுபவத்துல சாதா டயர் இன்னும் கொஞ்ச நேரம் ஒரே மாதிரி பிடிக்குது, வழுக்கப் போறத முன்கூட்டியே கைக்கு சொல்லுது. ரன்ஃப்ளாட் பிடிச்சுக்கிட்டே இருந்து பட்டுனு விடும். ட்ராக்குக்கு டோ வண்டி பக்கத்துலயே நிக்கும், அங்க ரன்ஃப்ளாட்டுக்கு அவசியமே இல்ல, தனி வீல் செட் வச்சுக்கோங்க.

—

ப்ரோ நான் மாறப்போறேன், சாதா டயர் போட்டா ரிம் மாத்தணுமா? ரெண்டு மட்டும் மாத்தி ரெண்டு ரன்ஃப்ளாட்டா விடலாமா, பின்னாடிதான் தேஞ்சிருக்கு.

—

திரும்பவும் நான்தான், முதல்ல எழுதினவன்.

ரிம் மாத்த வேண்டாம். ரன்ஃப்ளாட் காரோட ரிம்முல டயர் விளிம்பு நழுவாம இருக்க மேடு ஒண்ணு கூடுதல் உயரத்துல இருக்கும், இஎச்2ன்னு போட்டிருக்கும், அதுல சாதா டயர் தாராளமா உக்காரும். சாதா ரிம்முல ரன்ஃப்ளாட் போடறதுதான் தப்பு, காத்து போனா விளிம்பு கழண்டுடும். ரெண்டு அது ரெண்டு இதுன்னு தயவுசெஞ்சு போடாதீங்க. சைட்வால் விறைப்பு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னா வளைவுல கார் எப்படி நடந்துக்கும்னே சொல்ல முடியாது, பவர் அதிகமான பின்சக்கர ட்ரைவ்ல அது உயிர் விஷயம். பின்னாடி மட்டும் தேஞ்சிருந்தா இப்போதைக்கு அதே ரன்ஃப்ளாட்ட போட்டு, நாலும் தேயறப்போ மொத்தமா மாறுங்க.

மாறினதுக்கு அப்புறம் டிக்கில என்ன இருக்கணும்னு கேப்பீங்க. நல்ல கம்ப்ரெஸர், ஸ்ட்ரிங் பிளக் கிட், பிடுங்க ஒரு கொறடு, கையுறை, தலைல மாட்டுற லைட். சீலன்ட் பாட்டில் இருந்தா காலாவதி தேதிய பாருங்க, அது வருஷக்கணக்குல கெட்டுப்போற பொருள். நான் அத கடைசியாத்தான் தொடுவேன், ஏன்னா உள்ள ஊத்தினா வழவழன்னு எல்லா எடத்துலயும் ஒட்டும், டிபிஎம்எஸ் சென்சார அடைக்கலாம், பஞ்சர் போடறவருக்கும் அத தொடைக்கறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிடும். பிளக் போட்டு வந்தாலும் அப்புறம் டயர கழட்டி உள்பக்கத்துல இருந்து மஷ்ரூம் பேட்ச் (ஓட்டைல நுழையற தண்டோட சேந்த ஒட்டு) போட்டுடுங்க. அதுவும் ரோட்டுல படற நடு பட்டன் பகுதில, 6 மிமீக்குள்ள ஓட்டை இருந்தாத்தான். ஷோல்டர்லயோ (பட்டன் முடிஞ்சு சைட்வால் ஆரம்பிக்கற ஓரம்) சைட்வால்லயோ இருந்தா ஒட்ட வேண்டாம்.

சாதா டயரும் வேணும், ஆணிக்கு நிக்கவும் கூடாதுன்னா நடுவுல ஒரு வழி இருக்கு. கான்டினென்டல்ல கான்டிசீல், பிரெல்லில சீல் இன்சைட்னு உள்ளயே பிசின் பூசின டயர். கான்டிசீல் 5 மிமீ வரைக்கும் குத்தின ஓட்டைய தானா அடச்சுக்கும், சவாரி சாதா டயர் மாதிரியேதான். ஸ்போர்ட்ஸ் கார் சைஸ் எல்லாத்துலயும் கெடைக்காது, உங்க சைஸ்ல இருந்தா நிச்சயம் யோசிங்க. ஆனா சைட்வால் வெட்டுக்கு அதுவும் உதவாது.

மலைப்பாதைக்காரர் சொன்னது முழுக்க நியாயம். அவர் ஓட்டுற ரோட்டுல நானும் ரன்ஃப்ளாட்தான் போட்டிருப்பேன். நீங்க எப்படிப்பட்ட ரோட்டுல, எந்த நேரத்துல, யாரோட போறீங்கன்னு எழுதுங்க, அத வச்சு சொல்றேன்.

—

நான் பெரும்பாலும் பகல்ல, சிட்டிக்குள்ள, லீவு நாள்ல மட்டும் வெளிய ஒரு ரவுண்டு. வீட்டுல இருந்து ரொம்ப தூரம் போறதில்ல, டோ வண்டி கூப்பிட்டா வந்துடும்.

—

அப்ப சாதா டயருக்குப் போங்க. வாங்குறப்போ லோடு இன்டெக்ஸ் (டயர் தாங்குற எடை), ஸ்பீடு ரேட்டிங் (தாங்குற வேகம்) ரெண்டும் கம்பெனி சொன்னதுக்குக் கொறயாம இருக்கா பாருங்க, சைட்வால்ல டிஓடிக்குப் பின்னாடி கடைசி நாலு நம்பர் தயாரான வாரமும் வருஷமும், பழைய ஸ்டாக்க தலைல கட்டாம பாத்துக்கோங்க. ரன்ஃப்ளாட்ட கழட்டறப்போ சைட்வால் ரொம்ப முரடா இருக்கும், உதவிக்கை வச்ச மெஷின் இருக்கற எடத்துல கழட்டச் சொல்லுங்க, கம்பி போட்டு நெம்பினா சென்சார் உடையும், ரிம்மும் கீறும். மாத்தினதும் டிபிஎம்எஸ்ஸ ரீசெட் பண்ணி, மொத நூறு இருநூறு கிமீ அழுத்தாம ஓட்டுங்க, புது டயர் மேல இருக்கற வழவழப்பு போகட்டும். அப்புறம் எப்படி இருக்குன்னு வந்து எழுதுங்க.