முழங்கால் போட முடியாத நாட்களில் எப்படி ஜெபிக்கிறீர்கள்?

பாளையங்கோட்டைக்காரன்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன ஐப்பசி மழையில் வண்ணார்பேட்டை பக்கம் ஒரு பைக் வந்து இடித்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மூன்று மாதம் கட்டிலோடு கிடந்தேன். அடிபட்ட ராத்திரியே மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன்: வேலைக்கு ஓட வேண்டாம், இனி ஆசை தீர ஜெபம் பண்ணலாம். நடந்தது வேறு. முதல் வாரம் ஏதோ ஓடியது. பிறகு கண்ணை மூடினால் ரெண்டு வாக்கியம், மூணாவதில் இன்சூரன்ஸ் பாரம், நாலாவதில் தூக்கம். கடைசியில் என் ஜெபம் சபை வாட்ஸ்அப் குழுவில் வருகிற வசனப் படத்துக்குக் கீழே 'ஆமென்' போடுவதில் வந்து நின்றது. நேரமில்லை, நேரமில்லை என்று இருபது வருஷமாகச் சொல்லிவந்தவன். அந்தச் சாக்கும் போச்சு.

படுத்துக் கிடந்தபோது, காலேஜ் நாளில் டோனாவூருக்குப் போனது ஞாபகம் வந்தது. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் விழுந்து அடிபட்டவர். 1951-ல் கண்மூடும்வரை பெரும்பாலும் ஒரே அறைக்குள்தான் இருந்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், வளர்த்த பிள்ளைகள் பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்து தாய் என்று பொருள்படும் ஒரே சொல்லை மட்டும் பொறித்திருக்கிறார்கள். அன்றைக்கு அதை எட்டிப் பார்த்துவிட்டு, பஸ் போயிரும் என்று ஓடி வந்தேன். இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது: மத்தியான வெக்கையில், உடம்பு நோவோடு, மோட்டைப் பார்த்துக்கொண்டு அந்த அம்மா எப்படித்தான் ஜெபித்திருப்பார்?

பிரசங்கம் வேண்டாம், சாமிகளா. உங்கள் வீட்டில், தெருவில் யாரைப் பார்த்து ஜெபிக்கக் கற்றீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆலங்குளம் மகள்:

அண்ணே, 'அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டு' என்று மத்தேயு ஆறில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அறையே ஒன்றுதான், அதில் ஆறு பேர். எங்கம்மா பீடி சுத்துகிறவள். கதவைத் திறந்துபோட்டு நடையில்தான் உட்காருவாள், வெளிச்சம் வேண்டுமே. மடியில் சுளவு (முறம்), பக்கத்தில் நனைத்த இலை, கத்திரி, தூள். இலையை வெட்டித் தூளைப் போட்டு உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றுகிறவரை கண் கூட அதில் இருக்காது. விரல் தானாகப் போகும். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

சின்னப் பிள்ளையில் நான் அதை ஏதோ கணக்கு என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டேன். "ஏட்டி, ஒரு கட்டுக்கு ஒரு ஆளு" என்றாள். ஒரு பீடிக்கட்டு கட்டி முடிகிறவரை ஒரே ஒருவருக்காக ஜெபம். அடுத்த கட்டுக்கு அடுத்த ஆள். எனக்குப் பரீட்சை என்றால் எனக்கு ரெண்டு கட்டு. மாமா குடித்துவிட்டு வந்த மறுநாள் மாமாவுக்கு அஞ்சு.

ஒரு தடவை கன்வென்ஷன் கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர், பீடி சுத்துகிற கை ஆண்டவருக்கு ஏறெடுக்கத் தகாத கை என்று மைக்கில் முழங்கிவிட்டார். பந்தலில் பாதிப்பேர் பீடி சுத்துகிற பெண்கள்தான். அவருக்கு அன்று வந்த காணிக்கையும் அந்தக் கைகளிலிருந்து வந்ததுதான், அது வேறு விஷயம். அம்மா சேலைத் தலைப்புக்குள் கையை மறைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் சுளவை எடுத்தவள், நெடுநேரம் இலையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு, "முத கட்டு அந்த ஐயாவுக்கு" என்றாள். அந்தக் கட்டு முடிய வழக்கத்தைவிட ரொம்ப நேரமானது.

எனக்கு ஜெபம் சொல்லித்தந்தது அந்த ஒரு கட்டுதான்.

மெஞ்ஞானபுரத்தான் (இப்போ மஸ்கட்):

எங்க ஊர் 1986 வரை திருநெல்வேலி ஜில்லாதான், அந்த உரிமையில் எழுதுகிறேன். தாத்தா பனையேறி. கருக்கலில் கிளம்பிவிடுவார். ஒவ்வொரு மரத்திலும் உள்ளங்கையை வைத்து, "அப்பா, ஏத்தி இறக்கும்" என்பார். அவ்வளவுதான். மேலே போனால் எங்க சர்ச்சின் 192 அடிக் கோபுரம் தெரியும், அங்கேயிருந்து ஒரு 'ஸ்தோத்திரம்'. சபைப் பாதிரி ஐயரு ஒருநாள் "பெரியவரே, காலையில் கொஞ்சம் நீளமா ஜெபிக்கலாமே" என்றாராம். "முப்பது மரம் ஐயா. கூட்டிப் பாருங்க" என்றாராம் தாத்தா.

ஆச்சிக்குப் பிடியரிசி. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துச் சர்ச்சுக்கான பானையில் போடுவாள், கூடவே ஒரு வரி ஜெபம். நானும் இங்கே குக்கர் வைக்கும்போது எடுத்து வைக்கிறேன். மாசக் கடைசியில் அதைப் பொங்கி ரூமில் எல்லாருக்கும் போடுவேன். மலையாளி நண்பனுக்குக் காரணம் தெரியாது, கறி மட்டும் கேட்பான்.

கொக்கிரகுளம் டீச்சர்:

நான் தோற்ற கதையைச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிப்பதாகப் பொருத்தனை (நேர்ச்சை) பண்ணினேன். ஒன்பது நாள் எழுந்தேன். பத்தாம் நாள் வகுப்பில் கரும்பலகையில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டேன். பிள்ளைகள் சத்தமே போடவில்லை, பாவம், அதுதான் இன்னும் வெட்கம். அதற்குப் பிறகு ஒரு வருஷம், 'பொருத்தனையை முறித்தவள்' என்ற பயத்தில் ஜெபிக்கவே கூசினேன்.

மறுபடி தொடங்கியது பஸ்ஸில். தினமும் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போகிறவள் நான். தாமிரபரணி மேலே சுலோசன முதலியார் பாலம், 1843-ல் கட்டியது. பஸ் பாலத்தில் ஏறும்போது இயேசு சொல்லித்தந்த பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தால் அந்தக் கரைக்குள் முடிந்துவிடும். டிராபிக் இருந்தால் ரெண்டு தடவை. 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற இடத்தில் பஸ் நின்றுவிட்டால் மட்டும் கொஞ்சம் கஷ்டம். அந்த வரியிலேயே நிற்க வேண்டியிருக்கும்.

பாளையங்கோட்டைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. ஆலங்குளம் தங்கச்சி, உங்க அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பிசியோதெரபியில் காலை ஒரு தடவைக்கு இருபது முறை மடக்கி நீட்டச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்குக் கட்டுக்குப் பதிலாக மடக்குக்கு ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டேன். வீட்டில் நாலு பேர், அலுவலகத்தில் ஆறு, எங்க சங்கத்துப் பெரியவர் ஒருவர், தினமும் பால் ஊற்றுகிற அம்மா. பன்னிரண்டோடு ஆள் தீர்ந்துபோச்சு. இத்தனை வருஷத்தில் எனக்கு வேண்டியவர்கள் இவ்வளவுதானா என்று வெலவெலத்துப் போனேன்.

பதிமூணாவது மடக்கில் கால் வலி உயிர் போனது. அப்போது இடித்த பையன் ஞாபகம் வந்தான். பேரு தெரியாது. அன்று என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, பயந்துபோய் வண்டியை உருட்டிக்கொண்டே ஓடிவிட்டான். 'ஆண்டவரே, அந்த நீலச் சட்டைப் பையன்' என்றேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை, காலை மட்டும் மெதுவாக நீட்டினேன்.