குட்டி அணி: தோட்ட பேட்ஜ் ஏற்பாடு

செல்வி அக்கா: அடுத்த மாசம் தோட்ட பேட்ஜ். நாலு வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம். 16 பிள்ளைங்க, எல்லாரும் 4 முதல் 6 வயசு. பேட்ஜுக்கு மூணு வேலைதான்: விதை போடணும், வாராவாரம் தண்ணி விடணும், கடைசியா என்ன பார்த்தோம்னு வரைஞ்சோ சொல்லியோ காட்டணும்.

பிரியா: அக்கா, முளைக்கலைன்னா அந்தப் பிள்ளைக்கு பேட்ஜ் கிடையாதா?

செல்வி அக்கா: கண்டிப்பா உண்டு மா. அது செஞ்சதுக்குத்தான் பேட்ஜ், செடி எப்படி வந்துச்சுங்கிறதுக்கு இல்ல. யார் செடி உயரம்னு அளக்கவே கூடாது. இந்த வயசுல ஒருத்தரை ஒருத்தரோட ஒப்பிட்டா தோத்த பிள்ளை மறு வாரம் வர மாட்டேன்னு அழும்.

ரவி: விதைக்குப் பச்சைப்பயறுதான் சரி. ராத்திரி ஊறப்போட்டா ரெண்டு மூணு நாள்ல முளை விட்டுடும், அடுத்த வாரம் வரும்போது இலையே தெரியும். சூரியகாந்தி 7 முதல் 10 நாள் எடுக்கும். ரெண்டாவது வாரம் வந்து வெறும் மண்ணைப் பார்த்தா ஆர்வம் போயிடும். சிவப்பு ராஜ்மா மட்டும் வேண்டவே வேண்டாம். வேகாத ராஜ்மாவைத் தின்னா வாந்தி, வயித்துப்போக்கு வரும்.

நசீமா: பயறை கிண்ணத்துல கொட்டி மேஜை நடுவுல வைக்காதீங்க ப்ளீஸ். மூக்குல, காதுல சொருகிக்கிற வயசு. உள்ளே போன விதை ஈரத்துல ஊதி இறுகிக்கும். பெரியவங்க கையில வச்சுக்கிட்டு ஒரு பிள்ளைக்கு மூணு எண்ணிக் கொடுங்க, அது குழிக்குள்ள போனதும்தான் அடுத்த பிள்ளை. அப்படியும் சொருகிட்டா நாம குச்சி விட்டு நோண்டக் கூடாது, இன்னும் உள்ளே போயிடும். பெற்றோரைக் கூப்பிட்டு நேரா டாக்டர்கிட்ட அனுப்பணும்.

பிரியா: ஏன் மூணு விதை? ஒண்ணு போதாதா?

ரவி: ஒண்ணு அழுகினாலும் இன்னொண்ணு வரும். அதுக்கு மேல நாமளும் நாலு கப் உபரியா போட்டு வைப்போம். முதல் வாரம் வராத பிள்ளைக்கும் அது உதவும்.

ரவி: கப் விவரம். 200 மில்லி பேப்பர் கப், அடியில பென்சில் முனையால மூணு ஓட்டை, கீழே ஒரு தட்டு. ஓட்டையை நாம முன்னாடியே போட்டு வச்சிடணும். மண் முக்கால் கப். மண்ணையும் முதல் நாளே ஈரமாக்கிப் பிசைஞ்சு வைங்க. மண்ணுல கலந்த தேங்காய் நார்த்தூள் காய்ஞ்சு கிடந்தா தண்ணியை உடனே உள்ளே வாங்காது, ஊத்தினது மேஜைக்குப் போகும். குழி ஆழம் 1 செ.மீ. “நகம் மறையுற அளவுக்குக் குத்து”ன்னு சொன்னா பிள்ளைங்களுக்குப் புரியும். விரலை முழுசா விட்டா முளை மேலே வரக் கஷ்டப்படும்.

டேவிட் சார்: கப்பில் பெயர் எழுதினால் மட்டும் போதாது, பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. ஆளுக்கு ஒரு படம் ஒட்டுங்கள்: மீன், குடை, நிலா, பந்து. வருகைப் பதிவிலும் அதே படம்.

நசீமா: இதுல கெட்டுப்போற இடம் தண்ணிதான். எல்லாருக்கும் ஊத்த ஆசை, திரும்பத் திரும்ப ஊத்துவாங்க. மண்ணுல காத்து இல்லாம விதை அழுகி, வெள்ளையா பூஞ்சை பிடிக்கும். தெளிப்பான் கொடுக்கலாம்னு நினைக்காதீங்க, 4 வயசுக் கைக்கு அந்த விசையை அமுக்க வராது, ரெண்டு கையால பிடிச்சு பக்கத்துப் பிள்ளை முகத்துல அடிக்கும். மருந்து பாட்டிலோட வர்ற அளவு மூடி இருக்குல்ல, அதுல 15 மில்லி, ஆளுக்கு ரெண்டு மூடி. மூடி காலியானா வேலை முடிஞ்சுதுன்னு அவங்களுக்கே தெரியும்.

பிரியா: வாரத்துல மத்த நாள்?

ரவி: முதல் வாரமே வீட்டுக்குக் கொடுத்துட்டா பாதி திரும்பி வராது. இங்கேயே ஜன்னல் ஓரம் வைப்போம். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை நான் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ஞ்சிருந்தா மட்டும் ஊத்துறேன். முளை வந்தப்புறம் இருட்டுல வச்சா தண்டு வெளுத்து நீண்டு சாஞ்சிடும். நாலாவது வாரம் எல்லாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும்.

டேவிட் சார்: ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். வந்தவுடன் மேஜை விளையாட்டு 10 நிமிடம், வட்டமாக உட்கார்ந்து வணக்கமும் பாட்டும் 5, ஓட்ட விளையாட்டு 10, பேட்ஜ் வேலை 15, கைகழுவலும் தண்ணீரும் 10, கதை 5, நிறைவு வட்டம் 5. ஓட்டத்துக்குப் பிறகே பேட்ஜ் வேலை. ஓடாமல் உட்கார வைத்தால் கை நிற்காது. 16 பேரையும் ஒரே நேரத்தில் மண்ணுக்கு விடாதீர்கள், நாலு நாலு பேராக நாலு மேஜை, மேஜைக்கு ஒரு பெரியவர்.

செல்வி அக்கா: அந்தக் கணக்கு சரிதான் சார். பிரிட்டன் ஸ்கவுட்ஸ் (சாரணர் இயக்கம்) 2021ல 4, 5 வயசுக்காரங்களுக்குன்னு ஸ்குவிரல்ஸ் பிரிவை ஆரம்பிச்சப்போ வெளியே போறதுக்கு வச்ச கணக்கும் நாலு பிள்ளைக்கு ஒரு பெரியவர்தான். நாம உள்ளேயே அதை வச்சுக்கலாம். மேஜை ஆள் போக ஒருத்தர் கூடுதலா வேணும், கழிவறைப் பக்கம் பார்க்க. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோட தனியா மூடின கதவுக்குள்ள இருக்கக் கூடாது, அதுல விட்டுக்கொடுக்கவே முடியாது.

டேவிட் சார்: இருக்கும் 10 நிமிடமும் கைகழுவலுக்கே போகும். வரிசையில் 16 பேர் நின்றால் தள்ளுமுள்ளு. முதல் மேஜை முடித்தவுடன் அனுப்பிவிடுங்கள். சோப்பு போட்டு 20 விநாடி.

பிரியா: முதல் வாரமே பேட்ஜைக் கையில காட்டி, “முடிச்சா இது உனக்கு”ன்னு சொல்லலாமா அக்கா? உற்சாகமா செய்வாங்களே.

செல்வி அக்கா: அது மட்டும் வேண்டாம் மா. 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் ஸ்டான்ஃபோர்ட்ல மழலையர் பள்ளிப் பிள்ளைங்களை வச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க. ஸ்கெட்ச் பேனாவால வரையுறதுல தானாவே ஆசை இருந்த பிள்ளைங்க. ஒரு பிரிவுக்கு வரைஞ்சா சான்றிதழ் தருவோம்னு முன்னாடியே சொன்னாங்க. இன்னொரு பிரிவுக்குச் சொல்லாம, முடிச்சப்புறம் கொடுத்தாங்க. மூணாவது பிரிவுக்கு ஒண்ணுமே இல்ல. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சுப் பார்த்தா, முன்னாடியே சொல்லப்பட்ட பிள்ளைங்க வரையுறதுல செலவழிச்ச நேரம் மத்தவங்களோடதுல பாதிதான். சொல்லாம வாங்கினவங்களுக்குக் குறையவே இல்ல.

பிரியா: அப்போ பேட்ஜே தப்பா?

செல்வி அக்கா: இல்லவே இல்ல. பேட்ஜைப் பேரம் ஆக்குறதுதான் தப்பு. “அமைதியா இருந்தா பேட்ஜ்”, “அழாம இருந்தா பேட்ஜ்” எதுவும் நம்ம வாயில வரக் கூடாது. மூணு வாரமும் பேச்சு மண்ணு, வேர், இலையைப் பத்தி இருக்கட்டும். நாலாவது வாரம் நிறைவு வட்டத்துல எடுத்து, “நீ நகம் மறையக் குழி போட்ட, தண்ணி அளந்து விட்ட, அதுக்கு இது”ன்னு ஆளுக்கு ஒரு வரி செஞ்ச வேலையைச் சொல்லிக் கொடுங்க. வெறும் “சூப்பர்” வேண்டாம்.

ரவி: பெற்றோருக்கும் சொல்லணும்கா. திட்டத்தாள் அவங்க கையில இருக்கு, வீட்டுலயே ஆசை காட்டிடுவாங்க.

செல்வி அக்கா: சரி, பெற்றோர் குழுவுல நான் ஒரு வரி போடுறேன். நட்சத்திர அட்டையையும் சுவத்துல மாட்ட வேண்டாம். யார் எந்த வேலை முடிச்சாங்கன்னு நம்ம நோட்டுல இருந்தா போதும். ஒரு வாரம் வராதவங்களுக்கு அடுத்த வாரம் மேஜை விளையாட்டு நேரத்துல அந்த வேலையைக் கொடுத்திடலாம். எல்லாருக்கும் ஒரே நாள்ல பேட்ஜ்.

நசீமா: பேட்ஜை ஊக்குல குத்திக் கொடுக்காதீங்க, கவர்ல போட்டுக் கொடுங்க. பாலியஸ்டர் சட்டையில இஸ்திரி போட்டு ஒட்டுறது நிக்காது. பசை உருகுற சூட்டைத் துணி தாங்காது, சூட்டைக் குறைச்சா துவைக்கும்போது உரிஞ்சு வரும். ஓரம் சுத்தித் தைக்கச் சொல்லுங்க.

டேவிட் சார்: 18 பேட்ஜ் சொல்லிவிடுகிறேன், இரண்டு உபரி. தொலைத்துவிட்டு வரும் பிள்ளைக்கு மறுபேச்சில்லாமல் கொடுக்கலாம்.

பிரியா: நான் 20 கப்புல ஓட்டை போட்டு, படம் ஒட்டிக் கொண்டு வர்றேன். நிலா ரெண்டு பேருக்கு வராம பார்த்துக்கிறேன்.

நசீமா: கப்போட சேர்த்து, பிள்ளைங்களோட ஒவ்வாமைப் பட்டியலையும் பிரதி எடுத்துட்டு வா மா, மேஜைக்கு ஒண்ணு.