மாடிஃபைடு ஆசிட் ஃபாஸ்ட் மலப் பரிசோதனை வடசென்னையில் எங்கே செய்றாங்க?

குரூப்ல இருக்கிற லேப் டெக்னீஷியன்கள், நர்ஸ் அக்காக்கள், டாக்டர்கள் கொஞ்சம் உதவுங்க. வியாசர்பாடியில் எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தருக்கு எச்ஐவி. நடுவில் விட்ட ஏஆர்டி (எச்ஐவியைக் கட்டுப்படுத்துற) மாத்திரையை இப்போதான் திரும்ப ஆரம்பிச்சிருக்கார். சிடி4 (ரத்தத்தில் எதிர்ப்புசக்தி செல்களோட எண்ணிக்கை) 100-க்கும் கீழே. ஒரு மாசத்துக்கு மேலா தண்ணியா பேதி. லுங்கி இடுப்பில் நிக்காம, மேலே அரைஞாண் கயித்தை இழுத்துவிட்டு நடக்கிறார். ஓஆர்எஸ் விடாம குடுத்துட்டு வர்றோம்.

சாதாரண மலப் பரிசோதனையில் ஒண்ணும் இல்லைன்னு ரிப்போர்ட். ஆனா பேதியை உண்டாக்குற கிரிப்டோஸ்போரிடியம் (கிரிப்டோ), சிஸ்டோஐசோஸ்போரான்னு ரெண்டு ஒட்டுண்ணிக் கிருமிகள் அதில் சுலபமா தப்பிடும். இதுங்களைச் சாயம் ஏத்திப் பார்க்கிற மாடிஃபைடு ஆசிட் ஃபாஸ்ட் ஸ்டெயின்னு தனியா எழுதிக் கேட்கணும், வேற வேற நாள் சாம்பிள் பார்த்தா இன்னும் நல்லது. எதுன்னு தெரியறது ரொம்ப முக்கியம். சிஸ்டோஐசோஸ்போராவுக்கு கோட்ரைமாக்சசோல் மருந்து நல்லா கேட்கும். கிரிப்டோவுக்கு அப்படி உறுதியான மருந்து இல்லை, ஏஆர்டியை விடாம போட்டு எதிர்ப்புசக்தியை ஏத்துறதுதான் வழி.

குழாய்த்தண்ணியில் குளோரின் போட்டாலும் கிரிப்டோ சாகாது. கேன் தண்ணியா இருந்தாலும் தளதளன்னு கொதிக்க வெச்சே குடுங்கன்னு அவங்க அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்.

தண்டையார்பேட்டை, ராயபுரம், பெரம்பூர் பக்கம் இந்த ஸ்டெயின் பண்ற லேப் எது? ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சாம்பிளை எந்த நேரத்துக்குள்ள, எந்த டப்பாவில் குடுக்கணும்? அவரால பஸ்ல போக முடியாது, நானே கொண்டுபோய்க் குடுக்கலாமா? பேர், தெரு எதுவும் இங்கே கேட்காதீங்க, ப்ளீஸ். தெரிஞ்சவங்க இன்பாக்ஸ்ல வாங்க.