14 அடி ஃபைபர் படகுக்குச் சின்ன எலக்ட்ரிக் மோட்டார்: எத்தனை பவுண்டு, என்ன பேட்டரி?

கொடுவாபித்தன்:

வணக்கம். பழவேற்காடு பக்கம் உப்பங்கழியில் தூண்டில் போடுகிறேன். இருப்பது 14 அடி ஃபைபர் படகு, பின்னால் 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு. இடத்துக்குப் போய்ச் சேர அது தாராளமாகப் போதும். போய்ச் சேர்ந்த பிறகுதான் தொல்லை. கொடுவா நிற்கிற ஓரத்துக்கு நூறு அடி முன்பே இன்ஜினை அணைக்க வேண்டியிருக்கிறது. அணைத்த உடனே காற்று படகைத் திருப்பிவிடுகிறது. கழி ஊன்றலாம், ஆனால் ஊன்றுகிற ஆள் தூண்டில் போட முடியாது. லூரை (செயற்கை இரையை) இழுத்துக்கொண்டே மெதுவாகப் போகலாம் என்றால் இந்த இன்ஜின் ஐடிலிங்கிலேயே வேகமாக ஓடுகிறது, அப்படியே ரொம்ப நேரம் விட்டால் பிளக் கரி பிடித்து நின்றுவிடுகிறது.

அதனால் பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார் மாட்டலாம் என்று நினைக்கிறேன். எலக்ட்ரிக்கில் உந்துவிசையை (தள்ளும் விசையை) வைத்து 30, 40, 55, 86 பவுண்டு என்று ஆன்லைனில் வரிசையாக இருக்கின்றன. எதை எடுப்பது? வீட்டில் சும்மா கிடக்கும் கார் பேட்டரி போதுமா? இல்லை, 2.5 குதிரைத்திறன் பெட்ரோல் மோட்டாரே நல்லதா? பெரிய இன்ஜின் பாதி வழியில் நின்றால் இதை வைத்துக் கரை சேர முடியுமா?

பாக்ஜலசந்தி:

தம்பி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். முடியாது. முகத்துவாரத்தில் வற்று நீர் வெளியே இழுக்கும்போது இந்த பேட்டரி மோட்டாரை முழு வேகத்தில் வைத்தாலும் படகு நின்ற இடத்தில் நிற்கும், இல்லையென்றால் பின்னாலேயே போகும். உள்ளே உப்பங்கழியில் என்றால் சரி. முகத்துவாரத்தைத் தாண்டுகிற ஆள் என்றால் பெட்ரோல் சின்ன மோட்டார்தான். அது ஒரு லிட்டர் டேங்க்கோடு வரும், கேனில் இன்னும் இரண்டு லிட்டர் வைத்துக்கொண்டால் கவலை இல்லை. எங்கள் பக்கம் கடலுக்குப் போகிற ஃபைபர் படகில் யாரும் எலக்ட்ரிக் கட்டுவது இல்லை.

ஆனால் நீ கேட்பது மீன் பிடிக்கும்போது ஓட்ட. அதற்குப் பெட்ரோல் சரிவராது. அந்த 2.5-ம் சத்தம் போடும், தண்ணீரில் புகை தள்ளும். பெரும்பாலும் ரிவர்ஸ் கியரும் இருக்காது, பின்னால் போக வேண்டும் என்றால் மோட்டாரையே முழுசாகத் திருப்ப வேண்டும். ஒரு அடி, இரண்டு அடி என்று ஓரத்தை ஒட்டிப் படகை நகர்த்த அது தோதுப்படாது. இரண்டு வேலைக்கும் ஒரே மோட்டார் தேடாதே.

ஏசிடிசி:

அண்ணன் சொன்னது சரி. எலக்ட்ரிக் என்று முடிவானால் கணக்கு எளிது. ஆள், இன்ஜின், ஐஸ் பெட்டி, பேட்டரி எல்லாம் சேர்த்துப் படகின் மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் (45 கிலோ) குறைந்தது 2 பவுண்டு உந்துவிசை வேண்டும். உங்கள் படகு மூன்று பேரோடு 500 கிலோ வரும் என்று வைத்துக்கொள்வோம். அது 1,100 பவுண்டு, ஆக 22 பவுண்டு. இது காற்றில்லாத குளத்துக்கான கணக்கு. ஓதமும் மதியக் கடல்காற்றும் இருக்கிற இடத்தில் இதை இரட்டிப்பாக்க வேண்டும். 44 வருகிறது. எனவே 55 எடுங்கள்.

86-க்குப் போக வேண்டாம். அது 24 வோல்ட், இரண்டு பேட்டரி கேட்கும். பவுண்டு கூடினால் வேகம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த மோட்டார்களின் இறக்கை (புரொப்பெல்லர்) மெதுவாகத் தள்ளுவதற்கென்றே செய்தது. எதை மாட்டினாலும் மணிக்கு 5, 6 கிலோமீட்டர் பக்கம்தான் போகும். கூடுதல் பவுண்டு உதவுவது காற்றை எதிர்த்துப் படகைப் பிடித்து வைக்க.

வாங்கும்போது வேகக் கட்டுப்பாட்டைக் கவனியுங்கள். ஐந்து படி வைத்த பழைய மாடலில் குறைந்த வேகத்திலும் மின்சாரம் சூடாகி வீணாகும். பி.டபிள்யூ.எம். கட்டுப்பாடு (மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்து வேகத்தைக் குறைப்பது) இருந்தால் மெதுவாக ஓட்டும்போது பேட்டரி நிஜமாகவே மிச்சமாகும். நீங்கள் பெரும்பாலும் மெதுவாகத்தான் ஓட்டப்போகிறீர்கள், ஆகையால் அந்தக் கூடுதல் காசுக்கு அர்த்தம் இருக்கிறது.

கிள்ளான்தூண்டில்:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் பேராக் மாநிலத்தில் தெமெங்கோர் ஏரிக்குத் தோமான் பிடிக்கப் போவோம். அது விரால் சாதிதான், ஆனால் உருவம் ராட்சசன். அங்கே எலக்ட்ரிக் மோட்டாரை முன்னணியத்தில் (படகின் மூக்கில்) மாட்டுவார்கள். பின்னாலிருந்து தள்ளினால் காற்றில் மூக்கு அலையும், முன்னாலிருந்து இழுத்தால் படகு சொன்னபடி வரும். ஜிபிஎஸ் வைத்த மாடலில் பட்டனை அழுத்தினால் நங்கூரம் இல்லாமலே ஒரே இடத்தில் நிற்கும். விலையைக் கேட்டால் மீன் ஆசையே போய்விடும், அது வேறு விஷயம்.

நான் சொல்ல வந்தது உப்பு. எங்களுடையது நல்ல தண்ணீர் ஏரி. நன்னீர் மாடலை உப்புத் தண்ணீரில் போட்டால் அலுமினியம் வெள்ளையாகப் பொங்கி உதிரும். மின்கோட்டா (Minn Kota) கம்பெனியில் ரிப்டைட் என்று உப்புத் தண்ணீருக்கே தனி வரிசை இருக்கிறது. மற்ற கம்பெனிகளிலும் உண்டு. மோட்டாரில் துத்தநாக ஆனோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது கரைந்து மோட்டாரைக் காப்பாற்றும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் வேலை செய்யாது.

கொடுவாபித்தன்:

எல்லோருக்கும் நன்றி. முகத்துவாரத்துக்கு வெளியே போகும் எண்ணம் இல்லை. அப்போ 55 பவுண்டு, 12 வோல்ட், உப்புத் தண்ணீர் மாடல். என் படகின் முன்னணியம் கூராக இருக்கிறது, கிளாம்ப் பிடிக்கத் தட்டையான இடமே இல்லை. இப்போதைக்குப் பின்னால், அவுட்போர்டுக்குப் பக்கத்தில்தான் மாட்ட முடியும். தண்டு 30, 36, 42 அங்குலம் என்று போட்டிருக்கிறது. டிரான்ஸம் (மோட்டார் மாட்டும் பின்பலகை) விளிம்பிலிருந்து தண்ணீர் வரை 12 அங்குலம். அப்புறம், பேட்டரி பற்றி யாரும் சொல்லவில்லையே?

ஏசிடிசி:

அளந்ததோடு 20 கூட்டுங்கள். 32 வருகிறது, எனவே 36. அளக்கும்போது ஆட்கள் படகில் இருக்க வேண்டும். இறக்கையின் மேல் நுனி தண்ணீருக்குள் முக்கால் அடியாவது இருக்கட்டும், ஒரு அடி என்றால் நல்லது. இல்லையென்றால் சின்ன அலைக்கே காற்றை இழுத்து வெறுமனே சுற்றும். ரொம்ப நீளமாக எடுத்தால் உங்கள் ஆழத்துக்குச் சேற்றில் உழும். சேறு போய், மோட்டாருக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் ஷாஃப்ட் சீலைத் தின்றுவிடும்.

பேட்டரிக்கு வருவோம். மோட்டாருக்குக் கொடுக்கும் காசைவிட இதற்குக் கொடுக்கும் காசுதான் முக்கியம். 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும். கார் பேட்டரி சில நொடி நிறைய மின்சாரம் கொடுத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கான பொருள். தகடுகள் மெல்லியவை. முழுசாக வடியவிட்டு வடியவிட்டு ஏற்றினால் கொஞ்ச நாளில் செத்துப்போகும்.

வீட்டு இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரியைத் தூக்கிப்போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) என்று எழுதியிருப்பது 20 மணி நேரம் மெதுவாக, ஏழரை ஆம்பியர் இழுத்தால் கிடைப்பது. 50 ஆம்பியர் இழுத்தால் அதில் பாதியை ஒட்டித்தான் கையில் வரும். எடை 50 கிலோவுக்கு மேல், அதைப் படகில் ஏற்றி இறக்க ஒரு ஆள் தனியாக வேண்டும். குறைந்த செலவில் முடிய வேண்டும் என்றால் இ-ரிக்‌ஷா பேட்டரி ஒன்று, 100 ஏ.எச். பக்கம், எடை 30 கிலோ சுற்றி வரும். தினமும் வடிந்து ஏறுவதற்கே செய்தது. ஆனால் பாதிக்கு மேல் வடிய விடாதீர்கள்.

காசு இருந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 100 ஏ.எச். எடை 12 கிலோ சுமார், 90 ஏ.எச். வரை எடுக்கலாம். முழு வேகத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம். நீங்கள் ஓட்டப்போகும் 15 ஆம்பியர் வேகத்தில் 6 மணி நேரம். வாங்கும்போது உள்ளே இருக்கிற பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்க மின்சாரத்தை வெட்டும் சர்க்யூட்) எத்தனை ஆம்பியர் தொடர்ந்து தாங்கும் என்று கேளுங்கள். 50 என்றால் வேண்டாம், 100 என்றால் எடுங்கள். லித்தியத்துக்கு உரிய சார்ஜரையும் சேர்த்தே வாங்குங்கள்.

பாக்ஜலசந்தி:

தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி என்றால் மூடி போட்ட பெட்டியில், உயரத்தில் வைத்துக் கட்டு. உப்புத் தண்ணீர் உள்ளே போனால் குளோரின் வாயு வரும். பழைய நீர்மூழ்கிக் கப்பல்காரர்களுக்குப் பெரிய பயமே இதுதான்.

கொடுவாபித்தன்:

சில வாரம் கழித்து வருகிறேன். 55 பவுண்டு மோட்டாரும் 100 ஏ.எச். லித்தியமும் வாங்கிவிட்டேன், பி.எம்.எஸ். 100 ஆம்பியர். சத்தமே இல்லை, ஓரத்தில் மடவைக் கூட்டம் கலையாமல் நிற்கிறது. மெதுவாக ஓட்டும்வரை எந்தப் பிரச்சினையும் இல்லை.

பிரச்சினை முழு வேகத்தில். கொஞ்ச நேரம் ஓடுகிறது, சுருதி இறங்குகிறது, பிறகு பிரேக்கர் விழுந்துவிடுகிறது. ஆறவிட்டுத் தூக்கினால் மறுபடி ஓடும். பின்னால் இரண்டு மோட்டாரின் எடை இருப்பதால் பேட்டரியை முன்னால் வைத்திருக்கிறேன். வயர் 6 சதுர மி.மீ., போக 4 மீட்டர், வர 4 மீட்டர். பிரேக்கர் 50 ஆம்பியர். மோட்டார் பக்கம் கழற்றி மாட்ட, வீட்டு ஏசிக்குப் போடும் 16 ஆம்பியர் பிளக். வயரிங் செய்து கொடுத்தவர் தாராளமாகத் தாங்கும் என்றார். மோட்டார் பழுதா, பேட்டரி பழுதா?

ஏசிடிசி:

இரண்டும் இல்லை என்று நினைக்கிறேன். பி.எம்.எஸ். வெட்டினால் சுருதி இறங்காது, விளக்கை அணைத்த மாதிரி டப்பென்று நிற்கும். இது வயர் வேலை. மல்டிமீட்டர் இருக்கிறதா? முழு வேகத்தில் ஓடும்போது பேட்டரி முனையில் ஒரு அளவு, பிளக்கைத் தாண்டி மோட்டார் வயர் தொடங்கும் இடத்தில் ஒரு அளவு எடுங்கள். ஓடாதபோது எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலக் காட்டும், அதில் ஒன்றும் தெரியாது. பிளக்கையும் தொட்டுப் பாருங்கள், பார்த்துத் தொடுங்கள்.

கொடுவாபித்தன்:

பேட்டரியில் 12.9, மோட்டார் பக்கம் 11.0. கிளாம்ப் மீட்டர் கடன் வாங்கிப் பார்த்தேன், 45 ஆம்பியர். பிளக்கில் கை வைக்க முடியவில்லை. ஒரு பின் பழுப்பாகிவிட்டது.

ஏசிடிசி:

சரி, கிடைத்துவிட்டது. 6 சதுர மி.மீ. செம்பு வயர் 8 மீட்டருக்கு, 45 ஆம்பியரில் ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் விழும். உங்களுக்கு விழுவது 1.9. மீதி 0.85 வோல்ட் அந்தப் பிளக்கிலும் இணைப்புகளிலும் போகிறது. 45-ஆல் பெருக்கினால் 38 வாட். பிளக்குக்குள் ஒரு சால்டரிங் அயனைச் செருகி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பிளாஸ்டிக் இன்னும் உருகாதது அதிர்ஷ்டம்.

மாற்ற வேண்டியவை மூன்று. வயர் 16 சதுர மி.மீ., முடிந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு. உப்புக் காற்றில் வெறும் செம்பு உள்ளேயே பச்சை பிடிக்கும். இந்தத் தடிமனில் 0.4 வோல்ட்தான் விழும். பிளக்கைத் தூக்கி எறிந்துவிட்டு 50 ஆம்பியர் ஆண்டர்சன் கனெக்டர் போடுங்கள். லக்குகளை (வயர் முனையில் மாட்டும் உலோகக் காதுகளை) சுத்தியலால் நசுக்காமல், அவற்றை அழுத்திப் பொருத்தும் ஹைட்ராலிக் கிரிம்பர் வைத்திருக்கிற கடையில் கொடுத்து அடியுங்கள். பிரேக்கர் 60 ஆம்பியர் டிசி (பேட்டரியிலிருந்து வரும் நேர்மின்சாரத்துக்கு உரியது), பேட்டரியை ஒட்டியே. வெயிலில் கிடக்கும் 50 ஆம்பியர் தெர்மல் பிரேக்கர் 45-லேயே விழுந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. வீட்டு மீட்டர் போர்டில் இருக்கும், ஏசி மின்சாரத்துக்கான (மாறுமின்சாரத்துக்கான) எம்சிபி பிரேக்கரை மட்டும் போட்டுவிடாதீர்கள், டிசியில் அதற்குள் எழும் தீப்பொறி எளிதில் அணையாது. அதுவரை பாதி வேகத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

கொடுவாபித்தன்:

மூன்றையும் மாற்றியாயிற்று. இப்போது மோட்டார் பக்கம் 12.4 காட்டுகிறது. கனெக்டர் லேசாகச் சூடாகிறது, அவ்வளவுதான். பிரேக்கர் விழவே இல்லை. காற்றுக்கு எதிராகவும் முன்பைவிட நன்றாக இழுக்கிறது. மிக்க நன்றி.

இன்னொரு கேள்வி மட்டும். நேற்று யாரோ விட்ட வலைத் துண்டு இறக்கையில் சுற்றிக்கொண்டது. வெளியே தெரிந்ததை அறுத்து எடுத்துவிட்டேன். ஓடுகிறது. இன்னும் ஏதாவது பார்க்க வேண்டுமா?

கிள்ளான்தூண்டில்:

கட்டாயம் பார்க்க வேண்டும். வெளியே தெரிவது ஒன்றுமே இல்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, இறக்கை நட்டைத் திருகி, இறக்கையை வெளியே எடுங்கள். அதற்குப் பின்னால் ஷாஃப்டைச் சுற்றி வலை நரம்பு இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அதை விட்டுவைத்தால் சீலை அறுத்துக்கொண்டு உள்ளே போகும், பின்னாலேயே உப்புத் தண்ணீரும் போகும். இறக்கையை ஷாஃப்டோடு பிடித்திருக்கும் பின் (உலோக ஊசி) வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், உபரியாக இரண்டு பின் படகிலேயே வைத்திருங்கள்.

பாக்ஜலசந்தி:

அப்படியே ஆனோடையும் பார்த்துவிடு தம்பி. பாதி கரைந்திருந்தால் மாற்று. ஒவ்வொரு முறையும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, படகிலேயே விடாமல் வீட்டுக்கு எடுத்துப் போ. துடுப்பும் கழியும் மட்டும் எப்போதும் படகில் இருக்கட்டும்.