புதுப்பிப்பு: மங்கலாக வந்த முறுக்குக் கடை விளம்பரம்

அத்தையின் முறுக்குக் கடைக்காக ஃபோட்டோபீ என்ற இணையவழிப் படத் திருத்தியில் பழகிப் பார்த்த துண்டறிக்கை அச்சில் ஏன் மங்குகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் அளவுதான். 600 பிக்சல் அகலத்தில் தொடங்கியிருந்தேன். ஏ5 தாளுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) என்றால் 1748×2480 பிக்சல் வேண்டும். சின்னப் படத்தைப் பெரிதாக்கிப் பயனில்லை, இல்லாத நுணுக்கம் எங்கிருந்து வரும்? புதிய கோப்பில் முதலிலிருந்து செய்தேன். வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு விழாமலிருக்கப் பின்னணியை நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் நீட்டினேன். தலைப்பின் நிழல், பளபளப்பு எல்லாம் போயின. ஒரே முறுக்கு, விலை, கடைப்பெயர். எவ்வளவு தெளிவு!

பச்சை மட்டும் இன்னும் மந்தம். திரை ஒளியால் காட்டும் பச்சையை அச்சில் பயன்படும் நால்வண்ண மையால் எட்ட முடியவில்லை. அடுத்து அடர்பச்சையில் முயல்கிறேன். அத்தை இதையே ஒட்டிவிட்டார்.